திரும்பிப் பார்க்கும் புறா

தாலிதான். சந்தேகமே இல்ல, தாலிதான், எங் கண்ணு ரெண்டும் அவிஞ்சா போச்சு, போன வருசந்தான் ஆபரேசன் பண்ணி லென்சு வச்சிருக்கு, ஊசியில நூல் கோக்கிற கண்ணு இது. கிடான்ஸ்க்காம், வாயில நுழையாத பேரு, கடலைப் பாத்துக்கிட்டு கெடக்கிற பழைய துறைமுகம், இந்த ஊர்ல காலையில முதல்ல கூட்டிட்டுப் போன அந்தச் செங்கல் கோயில்ல, மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள சனங்க நேந்து போட்ட வெள்ளி இருதயம், வெள்ளிக் கை, வெள்ளிக் கால், பவளமணி, ஜெபமாலை, யாரோ பட்டாளத்துக்காரன் மெடலு, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு ஆணி, ஆணியில தொங்குது எங்க ஊர்த் தாலி. சேசுவே. வேளாங்கண்ணியில தொங்கினா நியாயம், எங்க பனிமய மாதா கோயில்ல தொங்கினா நியாயம், இங்கன வெள்ளைக்காரன் நாட்டுல அதுக்கு என்ன சோலி? அதுவும் எந்தத் தாலி? எங்க சனத்துல தாலிக்குப் புறா உண்டு, பரிசுத்த ஆவி, எல்லா வீட்டுப் புறாவும் றெக்கையை விரிச்சு நேரா கீழ பாத்து இறங்கும், எம் புருசன் வீடு, மச்சாடோ வீட்டுப் புறா மட்டுந்தான் கழுத்தைத் திருப்பிப் பின்னால பாக்கும். அந்த அச்சு வச்சிருந்தவரு ஊர்லயே ஒரே நகைப் பத்தரு, அவரும் போய்ச் சேந்துட்டாரு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிற புறா திரும்பித்தான் பாக்கு. என்னையத்தான் பாக்கு. நான் கையை எடுத்து என் கழுத்துல வச்சுப் பாத்தேன், என்னுது என்கிட்டத்தான் இருக்கு, நூலாத் தேஞ்சு போன மெல்லிசுத் தாலி. அந்தப் பெட்டியில தொங்குறது கனத்த தாலி. பாத்த மாத்திரத்துல தெரிஞ்சுது, ஒரு சவரனுக்குக் குறையாது.

முன்னால இவிய போறாவ, என் வீட்டுக்காரரு, தஸ்நேவிஸ் மச்சாடோ, கப்பல்ல எஞ்சின் ரூம்ல கெடந்து ரிட்டையர் ஆன மனுசன், கையைப் பின்னால கட்டிக்கிட்டு, பிடரியில நரைமுடி காத்துல பறக்க, ஒண்ணுந் தெரியாத பச்சப்பிள்ளை மாதிரிப் போறாவ. மச்சாடோ வீட்டுல ஆம்பிளைன்னு யார் யாரு? மாமனாரு உப்பளத்தை விட்டு ஒரு நாள் நகந்தவரில்ல. இவியளுக்கு அண்ணன் ஒருத்தரு, அவரு சாமியாரு, சாமியாருக்கு எதுக்குத் தாலி? அப்ப யாரு? கணக்கே வேண்டாம், சின்னப்பிள்ளை சொல்லிரும். ஒவ்வொண்ணாப் பிடிபடுது இப்ப. பங்குச் சனங்க சேந்து போலந்துக்குத் திருத்தலப் பயணம் போறோம்னு ஃபாதர் லெயோன் வீட்டுக்கு வந்து சொன்னப்ப இவிய முகம் போன போக்கு. ஊர் பேரெல்லாம் வாசிச்சுக்கிட்டே வந்தாரு, கிடான்ஸ்க்குன்னதும், முட்டி வலிக்கு, நான் வரலன்னுட்டாவ. நம்ம மக ஜெனிதா கனடாவுலருந்து போன்ல சண்டை போட்டு ஏத்திவிட்டா. அப்பவும் கேட்டேன், ஏங்க, கப்பல்ல இந்தப் பக்கமெல்லாம் வந்திருக்கீயளான்னு. போலந்தா, நான் போனதே இல்ல மெற்றி, ஹாம்பர்க்கோட சரின்னாவ. மெற்றில்டாங்கிறதை மெற்றின்னு சுருக்கி அப்படி நைசாச் சொன்னாவ. இன்னைக்குக் காலையில அந்தக் கோயில் வாசலுக்கு வந்தா பெரிய கதவு சாத்திக் கெடக்கு, கைடு பிள்ளை யாருக்கோ போன் போட்டு முழிச்சுக்கிட்டு நிக்கா, இவிய பாட்டுக்குச் சுவரோரமா நடந்து வளைஞ்சு போயி ஒரு சின்னக் கதவுகிட்ட நிக்காவ, திறந்திருக்கு! எனக்குப் பெருமையா இருந்துச்சு, பாருங்க, எங் கூறுகெட்டதனத்தை, எம் புருசன் எவ்வளவு வெவரம்னு கூட வந்த ரெஜினா டீச்சர்கிட்ட வேற சொன்னேன். எல்லாரும் உள்ள போனோம். இவிய வரல. பூட்ஸ் கயிறு அவுந்துருச்சுன்னு வெளிய குனிஞ்சவிய, நாங்க திரும்பி வார வரைக்கும் குனிஞ்சே நின்னாவ.

அதுலருந்து ஊர் சுத்திக்கிட்டு இருக்கோம், நான் எதைப் பாத்தேன்? ஒண்ணும் பாக்கல. பெரிய தெருவுல போறோம், ரெண்டு பக்கமும் ஒடுக்க ஒடுக்கமா உசந்த வீடு, மஞ்ச, பச்சை, ரோஸு, பலகாரக் கடையில தட்டு அடுக்கின மாதிரி. கைடு பிள்ளை இங்கிலீசுல சொல்ல, ஃபாதர் தமிழ்ல சொல்லுதாரு, இதெல்லாம் போர்ல தரைமட்டமாப் போச்சாம், ஒரு சுவரு மிஞ்சலியாம், அப்புறமா முன்ன இருந்த மாதிரியே அச்சா திரும்பக் கட்டிட்டாங்களாம். அட கொடுமையே, அப்ப பழைய ஊர் பழைய ஊருன்னு இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தது? ரெஜினா டீச்சர் ஓரக்கடை ஓரக்கடையா நின்னு மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பர் மணியைக் கையில வச்சுப் பாக்கா, உள்ள கொசு கெடக்கு பாரு மெற்றில்டான்னு காட்டுதா. எந்தக் காலத்துக் கொசுவோ, அப்படியே முழுசா கெடக்கு, காலு ஒடியல, றெக்கை ஒடியல. எனக்குப் பாக்கச் சகிக்கல. ஒரு சவரன். ஒரு சவரனுக்குக் குறையாது. கல்யாணமாகி எத்தனை வருசம் கேட்டிருப்பேன், ஏங்க, எந் தாலி தேஞ்சுருச்சு, கொஞ்சம் கனமா மாத்திப் போடுவோம், ஊர்ல கப்பல்காரன் பொண்டாட்டி ஒவ்வொருத்தியும் கழுத்து ஒடியுற மாதிரி போட்டிருக்கா, எனக்கு மட்டும் ஈர்க்குச்சி. வீடு கட்டினாவ, மகளைக் கட்டிக் குடுத்தாவ, காரு வாங்கினாவ, தாலின்னு வாயைத் திறந்தா மட்டும், இருக்கது போதும் மெற்றி, அதைத் தொடாதன்னு எந்திரிச்சுப் போயிருவாவ. ஆசையா இருக்காவ, கட்டின தாலி மேல அம்புட்டுப் பிரியம்னு நெனச்சுக்கிட்டு நானும் வாயை மூடிட்டேன். இங்கன ஒருத்தி கழுத்துல கனமாத் தொங்கியிருக்கு. அவ யாரு? மஞ்ச முடியா? நீலக் கண்ணா? அந்தக் கழுத்துல அந்தப் புறா எப்படி இருந்திருக்கும், வெள்ளைத் தோல்ல நல்லா எடுப்பாத்தான் இருந்திருக்கும், சவம், நல்லாத்தான் இருந்திருக்கும். ரோட்டுல போற கெழவி ஒவ்வொருத்தி மூஞ்சியையும் பாக்கேன். பை நிறைய ரொட்டி வாங்கிட்டுப் போறவ, நாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவ, பூ விக்கிறவ. நீயா? நீதானாடி? ஒருத்தி என்னையப் பாத்துச் சிரிச்சா. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.

எந்த வருசம்? அதைத்தான் புத்தி தொட்டுத் தொட்டுத் திரும்பி வருது, சுட்ட பாத்திரத்தைத் தொடுத மாதிரி. எம்பத்தொண்ணு. வேற வருசமா இருக்கவே முடியாது. அந்த வருசந்தான் இவிய கப்பல்ல இருக்க நான் அம்மா வீட்டுல பிரசவத்துக்குக் கெடந்தேன். அக்காவும் அங்கனதான், ஆக்னஸ் அக்கா, மணப்பாட்டுல கட்டிக் குடுத்திருந்தோம், அவளுக்கும் அதே மாசம், ரெண்டு வயித்தையும் வச்சுக்கிட்டு அம்மா நடுவீட்டுல ஓடிக்கிட்டு இருந்தா. அக்கா பிழைக்கல. பிள்ளையும் பிழைக்கல. எங்க வீட்டு வாசல்லருந்து பெட்டியைத் தூக்கினாவ, கோயில்ல துக்கமணி அடிச்சுது, நான் நிறைமாசமா உள்ள கெடந்து தலையில அடிச்சுக்கிட்டேன். ஒரு வாரம் கழிச்சு ஜெனிதா பிறந்தா. இவிய வந்தது பெப்ரவரி. அந்த வருகையை நான் எத்தனை பேருகிட்டப் பெருமை அடிச்சிருப்பேன்! தகவல் இல்ல, தந்தி இல்ல, திடுதிப்புன்னு வாசல்ல நிக்காவ, நான் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு கதவைத் திறக்கேன், மனுசன் உள்ள வரல. பெட்டியைக் கீழ வைக்கல. முகத்துல ரத்தமே இல்ல. ஒரு விரலை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாவ, இஸ்திரிப் பெட்டி காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாப்போமே அப்படி, தொட்டுட்டு வெடுக்குன்னு எடுத்துக்கிட்டாவ. தண்ணி குடுன்னாவ. பிள்ளையைப் பாத்த சந்தோசத்துல மனுசனுக்குப் பேச்சே வரலன்னு நான் ஊரெல்லாம் சொன்னேன். அதோட ஆளே மாறிட்டாவ. முன்ன எப்படி? மீன்ல முள்ளு இருந்தா தட்டு பறக்கும், ஏட்டின்னு கூப்பிட்டா தெருமுக்கு வரைக்கும் கேக்கும். திரும்பி வந்ததுக்கப்புறம் ஒரு ஏட்டி கெடையாது, ஒரு அதட்டல் கெடையாது, மெற்றி, மெற்றிதான், முள்ளெடுத்து மீனை என் தட்டுல வைப்பாவ. கடல் ஆளைப் பதமாக்கிருச்சுன்னேன். என்ன பதம்! தப்புப் பண்ணினவன் பொண்டாட்டியைத் தாங்கத்தான் செய்வான். நாப்பது வருசம் முள்ளெடுத்த மீனைத் தின்னிருக்கேன், கோட்டிக்காரி.

இப்ப ஆத்தோரமா வந்துட்டோம். மரத்தால கட்டின பெரிய கிரேன் ஒண்ணு தண்ணிக்கு மேல மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கு, அந்தக் காலத்துல அதுக்குள்ள சக்கரம் இருந்துச்சாம், சக்கரத்துக்குள்ள ஆளுங்க நடப்பாங்களாம், நடந்து நடந்தே கப்பல் சரக்கைத் தூக்குவாங்களாம், ஆளு மட்டும் நின்ன எடத்துலயே நிப்பான். கேக்கையில எனக்குத் தலை சுத்துது, காலையிலருந்து நான் நடக்கிற நடையும் அதுதான். எல்லாரும் போட்டோ எடுக்காவ. நான் அந்தப் பூசையை நெனைக்கேன். இதை எப்படி மறந்தேன்? வருசா வருசம் டிசம்பர்ல, கிறிஸ்மசுக்கு முன்னால, விடியற்காலைப் பூசைக்கு இவிய காணிக்கை குடுப்பாவ, சாமியார் பேர் வாசிக்க மாட்டாரு, ஓர் ஆன்மாவின் இளைப்பாற்றிக்காகன்னு மட்டும் சொல்வாரு. ஆக்னஸ் அக்காவுக்குன்னு நெனச்சு நான் பட்டுச்சேலை உடுத்தி முதல் பெஞ்சுல முழங்கால் போட்டிருக்கேன். நம்ம அக்கா மேல எம்புட்டுப் பாசம் பாருன்னு அம்மாகிட்டச் சொல்லி அழுதிருக்கேன். அக்கா செத்தது நவம்பர்லல்லா! நவம்பர்ல செத்தவளுக்கு டிசம்பர்ல எதுக்குப் பூசை? அப்ப அவளுக்குத்தான். வெள்ளைக்காரிக்கு. செத்தே போயிட்டாளா? செத்ததுனாலதான் தாலியைக் கோயில்ல போட்டாவளா? அவ ஆத்துமாவுக்கா நான் வருசந் தவறாம ஆமென் சொன்னேன்? மாதாவே, என்ன இது, என் வாயாலயா? பக்கத்துல பெஞ்சு ஒண்ணு கெடக்கு, போயி உக்காந்துட்டேன். இவிய வந்து பக்கத்துல உக்காந்தாவ. தண்ணி பாட்டிலைத் திறந்து நீட்டினாவ, எப்பவும் போல, மூடியைக் கையில வச்சுக்கிட்டு. இனிமே பொறுக்க முடியாது. கேட்டுட்டா என்ன மிஞ்சும்? கேக்காட்டி மட்டும் என்ன மிஞ்சும்? இன்னைக்கு ராத்திரி இந்த மனுசன் பக்கத்துல நான் எப்படிப் படுப்பேன்?

"ஏங்க, அந்தக் கோயில்ல ஒரு தாலி தொங்குது."

இவிய தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்தாவ. திரும்பல. திடுக்கிடவும் இல்ல.

"இன்னும் இருக்கா?"ன்னாவ.

இன்னும் இருக்கா! மறுப்பாவ, சத்தம் போடுவாவ, கோட்டியா உனக்குன்னு கேப்பாவன்னு பாத்தா, இன்னும் இருக்கான்னு கேக்காவ. எனக்கு உடம்பெல்லாம் குளுந்து போச்சு, நல்ல வெயில் அடிக்கு, குளுந்து போச்சு.

"யாருக்குக் கட்டுனீய? சொல்லிருங்க. அறுபத்தஞ்சு வயசாச்சு எனக்கு, கேட்டா ஒண்ணும் செத்துற மாட்டேன்."

"கட்டல. கட்ட ஆளு இல்லன்னு ஆயிருச்சு."

"யாரு அவ?"

"நீதான்."

என்ன பேச்சு இது, புத்தி பிசகிருச்சா இவியளுக்கு, நான்தானா, நான் இங்கன இருக்கேன், குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். இவிய சொல்ல ஆரம்பிச்சாவ, பாட்டில் மூடியை விரல்ல உருட்டிக்கிட்டே, சத்தமில்லாம. கனமா ஒரு தாலி உனக்குன்னு பத்தர்கிட்டச் சொல்லியிருந்தேன், கப்பல் ஏறப் போற அன்னைக்குத்தான் செஞ்சு குடுத்தாரு, பிள்ளை ஞானஸ்நானத்தன்னைக்குக் கழுத்துல போடுவோம், அதுவரைக்கும் தெரிய வேண்டாம்னு டிரங்குப் பெட்டியில வச்சுக்கிட்டேன். ஆண்ட்வெர்ப்புல புதுசா ஆளு ஏறினான், நம்ம அடுத்த தெருப் பையன் சிலுவை, ஊர்லருந்து நேரா வாரான். என்னையப் பாத்ததும் கட்டிப்பிடிச்சு அழுதுட்டான். அவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரயிலுக்குக் கெளம்பின அன்னைக்கு உங்க அம்மா வீட்டு வாசல்லருந்து சவப்பெட்டி போயிருக்கு. பிரசவத்துல போயிட்டா, பிள்ளையும் போச்சுன்னு சனங்க பேசிக்கிட்டாங்களாம். ஆக்னஸ் அங்க வந்திருக்கது அவனுக்கு என்ன தெரியும்? அந்த வீட்டுல பிரசவத்துக்குக் கெடக்கிறவ நீதான்னு அவனுக்குத் தெரியும். கப்பல் அன்னைக்கே கெளம்பி இந்த ஊருக்கு வந்துச்சு. வந்த நேரம் இங்கன பட்டாளத்து ஆட்சி, தெருமுக்குல டாங்கி, போனெல்லாம் அறுத்துட்டானுவ, தந்தி இல்ல, தபால் இல்ல. யாருகிட்டக் கேப்பேன்? கேட்டுத்தான் என்ன? பனி கொட்டுது மெற்றி. பனிமய மாதான்னு ஊர்ல கும்புடுறோம், பனியைக் கண்டவன் எவன், நான் கண்டேன். அந்தச் சின்னக் கதவுதான் திறந்திருந்துச்சு. உள்ள ஒரு கெழட்டுச் சாமியார். பாஷை தெரியாது. தாலியை எடுத்துக் குடுத்தேன், கழுத்தைத் தொட்டுக் காட்டினேன், அப்புறம் தரையைக் காட்டினேன். அவருக்கு விளங்கிருச்சு. என்னோட முழங்கால் போட்டு உனக்குச் செத்தவங்க ஜெபம் சொன்னாரு. வருசா வருசம் இந்த நாள்ல பூசை வைக்கேன்னு நேந்தேன். அன்னைக்குத்தான் உன்னை அடக்கம் பண்ணினேன்.

"அந்தப் பூசை…"

"நீ உயிரோட இருக்கன்னதும் நிறுத்திருவோம்னுதான் பாத்தேன். நிறுத்தி, உனக்கு ஏதாவது ஆயிட்டா? பயந்துக்கிட்டு விடல."

ஆக, எனக்கு. எனக்கேதான். பட்டுச்சேலை உடுத்தி, தலையில முக்காடு போட்டு, முதல் பெஞ்சுல முழங்கால்ல நின்னு, என் ஆத்துமா இளைப்பாறணும்னு நானே ஆமென் சொல்லியிருக்கேன். சிரிப்பு வருது எனக்கு, சத்தியமா சிரிப்பு வருது, வாயைப் பொத்திக்கிட்டேன். பெரிய பாரம் எறங்கிருச்சுன்னு நெனைக்கணும், இல்லையா? வெள்ளைக்காரி இல்ல. மஞ்ச முடி இல்ல. எனக்குச் செஞ்ச தாலி, எனக்குச் சொன்ன ஜெபம், ஒரு பொம்பிளைக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா எங்கயோ ஒரு முள்ளு நிக்கு, தொண்டையில நிக்கு, இவிய எடுக்காம விட்ட முள்ளு. வாசல்ல நின்ன அந்த முகம். ரத்தமே இல்லாத முகம்.

"பெப்ரவரியில வந்து கதவைத் தட்டினீயளே, என்னையப் பாத்ததும் சந்தோசமா இருந்துச்சா?"

மூடி உருளுறது நின்னு போச்சு. ஆத்துல ஒரு படகு போச்சு, அதுல இருந்த சனங்க எங்களைப் பாத்துக் கையை ஆட்டினாங்க.

"பொய் சொல்லவா?"

"வேண்டாம்."

"பயமா இருந்துச்சு. உனக்கு அழுது முடிச்சிருந்தேன் மெற்றி. அங்கன, அந்தத் தரையில, ஒரு சொட்டு பாக்கி இல்லாம. வந்து பாத்தா அவள மாதிரியே ஒருத்தி பிள்ளையோட கதவைத் திறக்கா. யாரோன்னு இருந்துச்சு."

"அப்புறம் எப்பச் சரியாச்சு?"

"பழகிருச்சு."

பழகிருச்சு. நல்லா இருக்கு. காலையிலருந்து எவளைத் தேடி இந்த ஊர்க் கெழவிங்க மூஞ்சியெல்லாம் பாத்தேனோ, அவ இருக்கத்தான் இருந்திருக்கா. நான் பயந்த மாதிரியே இருந்திருக்கா. அவளுக்கு இருபத்திரண்டு வயசு. கறுத்த முடி. அவளைத்தான் இவிய ஏட்டின்னு தெருமுக்கு வரைக்கும் கேக்கக் கூப்பிட்டாவ, அவ மேலதான் தட்டைத் தூக்கி எறிஞ்சாவ, உரிமையா, கட்டினவ மேல எறியுற மாதிரி. அவளுக்குத்தான் கனத்த தாலி. என்கிட்ட ஒரு நாள் சத்தம் போட்டதில்ல, யாரு வீட்டுப் பிள்ளையையோ வச்சுக் காக்கிற மாதிரி முள்ளெடுத்து ஊட்டி வச்சிருந்தாவ. அதைத்தானே நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். அழுகை பொத்துக்கிட்டு வருது, யாருக்குன்னு தெரியல, எனக்கா அவளுக்கா. அங்கன ஃபாதர் லெயோன் கையைத் தட்டிக் கூப்பிடுதாரு, பஸ் வந்துருச்சாம், எல்லாரும் வாங்கங்காரு. நான் எந்திரிச்சேன். ஃபாதர், கோயில்ல ஜெபமாலையை மறந்து வச்சுட்டேன், பத்து நிமிசம்னேன். ஜெபமாலை என் பையிலதான் இருக்கு. இவிய பின்னாலயே வந்தாவ. அச்சா திரும்பக் கட்டின அந்தத் தெரு வழியா ரெண்டு பேரும் நடந்தோம். எல்லாம் முன்ன இருந்த மாதிரியே இருக்குன்னு அந்தக் கைடு பிள்ளை சொன்னா, யாரு கண்டா, முன்ன பாத்தவனுக்குத்தான் தெரியும்.

சின்னக் கதவு திறந்துதான் இருக்கு. இந்தத் தடவை பூட்ஸ் கயிறு அவுரல. இவிய உள்ள வந்தாவ, தொப்பியைக் கையில எடுத்தாவ, நேரா பெட்டி முன்னால போயி நின்னாவ, தேடவே இல்ல. நான் ஒரு மெழுகுவர்த்தி எடுத்துப் பத்த வச்சேன்.

"யாருக்கு?"ன்னாவ.

"அந்தத் தாலிக்காரப் பிள்ளைக்குத்தான். பாவம், ரொம்பச் சின்ன வயசு."

இவிய முழங்கால் போட்டாவ, முட்டி வலிக்கிற மனுசன், அந்தக் கல்லுத் தரையில. ஒரு சொட்டு பாக்கி இல்லாம அழுதேன்னு சொன்ன மனுசன் தோள் ரெண்டும் குலுங்குது. நாப்பது வருசத்துல ஒரு நாள் நான் பாக்காத அழுகை. கிட்டப் போயி முதுகுல கை வைக்கணும்னு தோணிச்சு. புறா கழுத்தைத் திருப்பி என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டேன். மூத்தாள் கல்லறைக்குப் புருசன் வந்தா, ரெண்டாந்தாரம் அப்படித்தான் நிக்கணும்.